கடைசி அட்டையைக் காணோம்

சோபா பட்டறைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை செய்த முதல் காரியம், குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த நூலில் கழுத்தைக் கொடுத்ததுதான்.

நூல் அறுந்திருந்தால்கூடத் தேவலை. மறுமுனையில் மரத்தூணோடு அதைப் பிடித்துக்கொண்டிருந்த குண்டூசி தெறித்து மரத்தூளில் விழுந்தது. முன்னால் போன அத்தை திரும்புவதற்குள் அவன் குனிந்து துழாவி, கட்டை விரலில் ஒரு குத்து வாங்கி, ஊசியைப் பழைய ஓட்டையிலேயே செருகி, நூலைத் தனக்குத் தெரிந்த மட்டில் சுற்றிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு நிமிர்ந்தான்.

“என்ன மாப்பிள்ளை, தரையைத் தொட்டுக் கும்பிடுறீங்க?” என்றார் அத்தை.

“தொழில் நடக்கிற இடம் அத்தை. ஒரு மரியாதைதான்.”

அத்தை என்றால் மாமியார். பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் குடை, செருப்பு, பல்செட், ஒருமுறை ஒரு முழு மணமகன் என்று சகலத்தையும் உரியவர்களிடம் சேர்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார். அதே சமயத்தில் மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. “எங்கம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேணுமாம்” என்றாள் மனைவி. வீட்டோடு மாப்பிள்ளை ஊருக்கு ஒருவர் உண்டு. ஆபீஸோடு மாப்பிள்ளை இவன் ஒருவன்தான். அத்தை ஒரு நாளும் அவனுக்கு மரியாதை குறைத்ததில்லை. திட்டும்போதும் ‘நீங்க’ போட்டுத்தான் திட்டுவார். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இவர்களைப் பட்டறைக்கு அழைத்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண். பட்டறைக்காரரின் மனைவி. எல்லோருக்கும் அவள் அண்ணி. தினமும் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து எமனை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள் என்பதால் எதற்கும் பதறாத குரல். அந்தக் குரல் அன்று கொஞ்சம் ஆடியது.

“நாளைக்குக் காலைல இந்த நூல் மேல சுவர் எழும்புது மேடம். பட்டறை ரெண்டாப் போகுது. அதுக்குள்ள அந்த அட்டை கிடைச்சாகணும்.”

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் அத்தை.

அண்ணியின் கணவர் மரச் சட்டம் அடிப்பார். அவர் தம்பி ஸ்பிரிங் கட்டி, பஞ்சு வைத்து, உறை தைப்பான். ஒரு வக்கீலுக்குச் செய்து கொடுத்த சோபா, உட்கார்ந்தால் கீச்சென்று கத்துகிறது என்று திரும்பி வந்தது. வக்கீல் முன்னாலேயே அண்ணன் “ஸ்பிரிங் சரியில்லை” என்றார். தம்பி “மரம் சரியில்லை” என்றான். அன்றோடு பேச்சு நின்றது. சோபாவைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முதலில் பிரிக்கிறவன் தன் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதனால் சோபா பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

“பேசிக்கிறதே இல்லையா?”

“சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பேசுவாங்க. விளையாட்டுல.”

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு அது. அண்ணி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இறங்கி, நான் பாலத்தைக் கடக்கிறேன், நான் பூட்டை உடைக்கிறேன் என்று சொல்வார்கள். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அண்ணன் படைத்தலைவர், தம்பி மந்திரவாதி, தெருமுனை மருந்துக்கடைக்காரர் கள்ளன். அண்ணனும் தம்பியும் ஜென்ம விரோதிகள். படைத்தலைவரும் மந்திரவாதியும் உயிர்த் தோழர்கள்.

“எந்த அளவுக்குன்னா, கடை விஷயம் ஏதாவது சொல்லணும்னா இவர் சனிக்கிழமை வரைக்கும் அடக்கி வச்சுக்குவார். ‘மந்திரவாதியே, திங்களன்று ரெக்சின் வியாபாரி வருகிறான், பட்டறையில் இரும்’ம்பார். ‘ஆகட்டும் தலைவரே’ன்னு அவன் சொல்லுவான்.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. பட்டறையின் கடைசியில் இவர்களுக்கு முதுகைக் காட்டி இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். அந்த முதுகே கோபமாக இருந்தது.

சுவரில் ஒரு தக்கைப் பலகை. அதில் வரிசையாக அட்டைகள், வெள்ளைத் தலைக் குண்டூசிகளில். கிணற்றில் விழுந்த இளவரசியைத் தூக்கு. கருமானின் சுத்தியலைக் கண்டுபிடி. ஒவ்வொன்றும் கதைக்குள் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்ட பணி.

“அட்டை எழுத ஆரம்பிச்சதே இந்த இளவரசியாலதான்” என்றாள் அண்ணி. “காப்பாத்துறோம்னு சொல்லிட்டு, அடுத்த வாரம் எல்லாரும் மறந்துட்டாங்க. பாவம், ஒரு மாசம் கிணத்துலயே கிடந்தா. அதான் ஒரு பணிக்கு ஒரு அட்டை. முன்பக்கம் யார் கேக்குறாங்க, என்ன செய்யணும். பின்பக்கம் ஒரு ரகசியம் எழுதி ஒட்டிடுவோம். எடுக்கிறவங்க மட்டும்தான் பிரிச்சுப் படிக்கணும்.”

“யார் எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?”

“அட்டை இருந்த இடத்துல அவங்கவங்க ஊசியைக் குத்திட்டுப் போகணும். இவருக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை, கள்ளனுக்கு மஞ்சள். எடுத்தவங்க, துணைக்குக் கூட்டிக்கிற ஆள், ரெண்டு பேரும் முடியிற வரைக்கும் அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. விட்டா பணி செல்லாது.”

போன வாரம் அண்ணனே ஓர் அட்டை எழுதினார். ‘கடைசிப் பணி: அலறும் அரியணையில் இருக்கும் பேயை விரட்டு.’ இரவு பலகையில் குத்திவிட்டு மனைவியிடம் சொன்னார். “மேஸ்திரியை நாளைக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருக்கேன். அவன் அட்டையை எடுத்தா சுவர் வேணாம். எடுக்கலைன்னா வேணும்.” மறுநாள் மாலை அவர் வந்து பார்த்தபோது அட்டை இல்லை. பச்சை ஊசியும் இல்லை.

“கிழிச்சுப் போட்டுட்டான்னு முடிவு பண்ணிட்டார். நான் தம்பிக்குப் போன் பண்ணினேன். ‘அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்க அண்ணி’ன்னான். சுவர் விஷயத்தைச் சொல்றதுக்குள்ள வச்சுட்டான். அப்புறம் எடுக்கவே இல்லை. பட்டறைக்கும் வர்றதில்லை, வீட்லயும் ஆள் இல்லை.”

அத்தை பலகையை முகர்ந்துவிடுவது போல் நெருங்கிப் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய் ஒரு நோட்டம் விட்டுவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“வாங்க மாப்பிள்ளை, மருந்துக்கடைக்குப் போவோம்.”

“தலைவலியா அத்தை?”

“இன்னும் இல்லை. நீங்க பேச ஆரம்பிக்கலையே.”

மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றார். கடையில் இருந்த அத்தனை மருந்து வாடையையும் மீறி அவர் மேல் வலித்தைலம் மணத்தது.

“பணி அட்டை ஒண்ணு காணோமாம்” என்றார் அத்தை.

அவர் தொண்டையைச் செருமினார். குரல் மாறியது. “கள்ளன் எதையும் களவாடியதாக ஒப்புக்கொண்ட சரித்திரம் இல்லை, அம்மணி.”

“இருமல் மருந்து கேட்டாலும் இப்படித்தான் பேசுவீங்களா?” என்றான் மாப்பிள்ளை.

“இருமலா? வறட்டு இருமலா, சளியா?” சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு, இது பொறி என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“இடுப்புக்கு என்னாச்சு?” என்றார் அத்தை.

“பிடிச்சுக்கிச்சு.”

“எதைத் தூக்கும்போது?”

“நான் எதையும் சொல்றதுக்கில்லை மேடம். வாக்குக் கொடுத்திருக்கேன்.”

அப்போது மருந்து அலமாரிக்குப் பின்னால், கதவு சாத்திய சரக்கு அறையிலிருந்து ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பூனை” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ஸ்பிரிங் வச்ச பூனையா?” மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தான். சினிமாவில் இந்த இடத்தில் கதவை உதைப்பார்கள். அவன் ஒரு காலைத் தூக்கியும்விட்டான். அத்தை அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

“காலைக் கீழ வைங்க மாப்பிள்ளை. வாக்குக் கொடுத்தவரைக் குடையிறது பாவம்.” பிறகு ரயில் வரப்போவதை அறிவிக்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி பேசினார். “நாம கிளம்புவோம். அந்தப் பட்டறையில நாளைக்குக் காலைல நடுச்சுவர் எழுப்பப் போறாங்களாம். செங்கல் இன்னைக்கே வந்து இறங்குதாம். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். என்ன பண்றது, யாருக்கும் தெரியாமப் போச்சு.”

சரக்கு அறையில் ஏதோ கனமான கருவி தரையில் விழுந்தது. மருந்துக்கடைக்காரரின் முகம் வெளிறியது. அத்தை திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார்.

“அத்தை, உள்ள ஆள் இருக்கு.”

“தெரியும்.”

“கள்ளனும் இருக்கான், களவு போன பொருளும் இருக்கு. நாம ஏன் எதிர்த் திசையில போறோம்?”

“பின்கட்டுல தார்ப்பாய் இருந்துச்சு மாப்பிள்ளை. அடியில சோபா இல்லை. பழைய பெட்டிகளை அடுக்கி மேல போர்த்தி வச்சிருக்காங்க. அதைத் தூக்கினவர் இடுப்பு பிடிச்சு நிக்கிறார். வாக்குக் கொடுத்தேன்னும் சொல்றார். இப்ப யோசிங்க.”

மாப்பிள்ளை யோசித்தான். யோசிப்பது அவனுக்கு நடந்துகொண்டே செய்ய வராது. நின்றான். “அப்ப அட்டையை யாரும் கிழிக்கலை. தம்பி பணியை ஏத்துக்கிட்டிருக்கார். அரியணைன்னா அந்தச் சோபா. ஆனா அத்தை, ஏத்துக்கிட்டா பச்சை ஊசி குத்தணுமே. அது இல்லாமத்தானே அண்ணன் கொதிச்சுப் போயிருக்கார். ஊசி இல்லைன்னா அவரை நம்ப வைக்க முடியாது. இப்பப் புதுசா ஒண்ணு குத்தினாலும் யாரோ ஏமாத்துறாங்கம்பார்.”

“இப்பத்தான் நீங்க என் மாப்பிள்ளை” என்றார் அத்தை. அவனுக்குச் சம்பள உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. “ஊசிதான் பாக்கி. இத்தனை வருஷத்துல நான் கண்டது இதுதான். தொலைஞ்ச பொருள் முக்கால்வாசி தொலைஞ்சிருக்காது. யாரோ அதுக்கு வேற வேலை கொடுத்திருப்பாங்க.”

அவர்கள் திரும்பியபோது வாசலில் செங்கல் வண்டி நின்றது. மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு “இறக்கலாமா?” என்று கேட்க, அண்ணி “பொறுங்க” என்றாள். அண்ணன் “இறக்குங்க” என்றார். ஆட்கள் ஒரு செங்கல்லைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்கள்.

அத்தை நேராக அண்ணனிடம் போனார். “அட்டையோட பின்பக்கம் என்ன எழுதியிருந்தீங்க?”

“கிழிஞ்சு போனதுக்கு விளக்கம் எதுக்கு?”

“சொல்லுங்க.”

அவர் கையிலிருந்த மரத்துண்டையே பார்த்தார். “‘பேய் மரத்துலதான் இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும்’னு எழுதினேன். வக்கீல் முன்னால வாய் வரலை. அப்புறம் எப்பவுமே வரலை.” மரத்துண்டைக் கீழே வைத்தார். “ஒரு மனுஷன் இதுக்கு மேல எறங்கி வர முடியுமாங்க? அதைக் கிழிச்சுப் போட்டுட்டான்.”

மாப்பிள்ளை கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

“மாப்பிள்ளை” என்றார் அத்தை. “காலைல வரும்போது இந்த நூல்ல இடிச்சீங்களே.”

“நானா?”

“ஊசி விழுந்துச்சு. எடுத்துக் குத்தினீங்க. கட்டை விரல்ல ரத்தம் வந்துச்சு. கால்சட்டையில துடைச்சீங்க. அந்த ஊசித் தலை என்ன நிறம்?”

மாப்பிள்ளை கட்டை விரலைப் பார்த்தான். அத்தைக்குத் தலைக்குப் பின்னாலும் கண் உண்டு என்று மனைவி கல்யாணத்துக்கு முன்பே எச்சரித்திருந்தாள். “பச்சை” என்றான் ஈனக்குரலில்.

எல்லோரும் மரத்தூணைச் சூழ்ந்தார்கள். அவன் சுற்றியிருந்த கோணல்மாணல் சுற்றுக்கு நடுவே பச்சைத் தலை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மேஸ்திரி சுத்தினப்ப நூலுக்குள்ள தலை மறைஞ்சு போச்சு. அதான் உங்க யார் கண்ணுலயும் படலை” என்றார் அத்தை. “எங்க மாப்பிள்ளைக்கு எந்த வேலையையும் ஒழுங்காச் செய்ய வராது. அதனால வெளிய தெரியுது.”

பாராட்டா திட்டா என்று தெரியாததால் மாப்பிள்ளை பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தான்.

அண்ணன் மேஸ்திரியைப் பார்த்த பார்வையில் செங்கல் சுட்டிருக்கலாம். “பலகையிலேர்ந்து எடுத்தீங்களா?”

“ஆமாங்க. ஆணி ஒண்ணு குறைஞ்சுது” என்றார் மேஸ்திரி. “அந்தப் பலகையில மத்த ஊசியெல்லாம் ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இது மட்டும் ஒண்ணையும் பிடிக்காம சும்மா நின்னுச்சு. வேலையில்லாத ஊசிதானேன்னு எடுத்தேன். தப்புங்களா?”

அண்ணன் அப்படியே மரப்பலகை மேல் உட்கார்ந்தார். “அப்ப அவன் எடுத்திருக்கான்” என்றார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது. “எடுத்துப் படிச்சிருக்கான். பின்பக்கத்தையும் படிச்சிருக்கான்.” எழுந்து செருப்பைத் தேடினார். “நான் வீட்டுக்குக் கிளம்புறேன்.”

“பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க” என்றாள் அண்ணி. எத்தனையோ கற்றுக்குட்டிகளை லாரிக்கு முன்னால் நிறுத்திய குரல். அவர் நின்றார்.

தெருவில் சக்கரச் சத்தம் கேட்டது. மருந்துப் பெட்டிகள் தள்ளும் வண்டியில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று ஆடி அசைந்து வந்தது. முன்னால் இழுத்தவன் தம்பி. பின்னால் தள்ளியவர் கேள்விக்குறி. செங்கல் வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்த தம்பி, நூலைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். மூச்சு வாங்கியது.

“பணி முடிஞ்சுது தலைவரே” என்றான். சொன்ன பிறகு அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. “முடிஞ்சுதுண்ணே.”

அண்ணனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சோபாவைப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டினார். சத்தம் இல்லை. முழங்கையை ஊன்றி அழுத்தினார். சத்தம் இல்லை. மேஸ்திரி யாரும் கேட்காமலே போய் உட்கார்ந்து குதித்துப் பார்த்து, “கும்முனு இருக்கு” என்றார்.

“மரம்தானே?” என்றார் அண்ணன்.

“மூலையில ஒரு திருகு ஆடுச்சு. இறுக்கினேன்.”

“நான்தான் இறுக்காம விட்டேன்.”

“ஆனா ஸ்பிரிங்கும் ஒண்ணு கழண்டிருந்துச்சுண்ணே. நான் கட்டினது.”

“திருகுலதான்டா சத்தம் வந்திருக்கும்.”

“ஸ்பிரிங்காவும் இருக்கலாம்.”

“மரத்தைப் பத்தி எனக்குச் சொல்லிக் கொடுக்கிறியா?”

“ஸ்பிரிங்கைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

குரல் ஏறியது. வக்கீல் முன்னால் போட்ட சண்டையேதான். இந்தத் தடவை ஆளுக்கு ஆள் தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் சமாதானம் செய்யப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“ஒரு நிமிஷம்” என்றார் அத்தை. துப்பறிகிறவர்களுக்கு இப்படி ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தால் தூக்கம் வராது. “தம்பி, முதல்ல எதைச் சரி பண்ணினீங்க?”

“திருகை.”

“அதுக்கப்புறம் உக்காந்து பாத்தீங்களா? சத்தம் நின்னுதா?”

“பாக்கலை.”

“ஏன்?”

“ரெண்டையும் முடிச்சுட்டுத்தான் உக்காந்தேன்.” தம்பி தரையைப் பார்த்தான். “யார் தப்புன்னு தெரிய வேணாம்னு தோணுச்சு.”

அண்ணன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் மரத்தூள் அப்பிக்கொண்டது. மேஸ்திரி சோபாவில் சாய்ந்தபடியே தன் ஆட்களைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார்.

முடிந்த பணியின் அட்டையைக் கதை சொல்கிறவள் வாங்கி, மூலையை வெட்டிப் பெட்டியில் போட வேண்டும். ஆட்டத்தின் விதி அது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். “அட்டையைக் குடு.”

தம்பி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். “இதைத் தர மாட்டேன் அண்ணி.”

“தரலைன்னா பணி முடிஞ்சதா ஆகாது. விதி தெரியும்ல?”

“முடியலைன்னே வச்சுக்குங்க. சனிக்கிழமை வந்து மறுபடி பாக்குறேன்.”

அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுத்தார்.

“சனிக்கிழமை வரைக்கும் எதுக்குடா?” என்றார். “நாளைக்குக் காலைல பட்டறைக்கு வா.”